பெட்டிக்கு வெளியே இட்டது முட்டை ஆகாது

மதுரை வட்டாரத்துக் கோழிகள் கண்ட இடத்தில் முட்டை இடுகின்றன. வைக்கோல் போரில் இடுகின்றன, வேலிமுள்ளுக்கு அடியில் இடுகின்றன, ஓட்டை அண்டாவுக்குள் இடுகின்றன, ஆள் அசந்தால் துவைக்கப் போட்ட வேட்டி மேலேயும் இடுகின்றன. ஊர் உண்டான நாளிலிருந்து நடந்துவரும் இந்த அத்துமீறலை யாரும் ஒரு குற்றமாகவே நினைத்ததில்லை. வீட்டுப் பறவைகள் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு முகமை என்று ஒன்று உதயமான பிறகுதான், அடடா, இம்புட்டு காலமும் இப்படியா இருந்துட்டோம் என்று எல்லோருக்கும் உறைத்தது.

முகமை சும்மா இருக்கவில்லை. ஏசி அறையில் கூடியது, முந்திரிப்பருப்பு தின்றது, முடிவெடுத்தது. முதல் முட்டை இடும் பருவத்தில் இருக்கிற வெடக்கோழிகளுக்கு முறையான பயிற்சி கொடுத்து, அதற்கென வழங்கப்படும் பெட்டியில் மட்டுமே முட்டை இடச் செய்ய வேண்டும். கிழட்டுக் கோழிகளைத் திருத்த முடியாது என்று முகமையே பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டது. இளைய தலைமுறையையாவது காப்பாற்றுவோம் என்றது. திட்டத்துக்கு 'முறைசார் முட்டை' என்று பெயர் வைத்தார்கள். சுற்றறிக்கையின் முதல் விதி இப்படித் தொடங்கியது: "பெட்டிக்கு வெளியே இடப்படும் எதுவும் முட்டையாகக் கருதப்படமாட்டாது."

சரி, கோழிக்குப் பாடம் நடத்த ஒரு ஆள் வேண்டுமே. அந்த ஆள்தான் மருது.

மருதுவின் பதவி, களப் பயிற்றுநர் (தற்காலிகம்). அந்த அடைப்புக்குறிதான் அவனைப் பிடித்த சனியன். பழங்காநத்தத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சோலை, தன் மகள் தாமரைச்செல்வியை மருதுவுக்குக் கொடுப்பதாகப் பூ வைத்து, தட்டு மாற்றி, எல்லாம் முடிந்த பிறகு கடைக்காரர் புத்தியைக் காட்டினார். "மாப்ள, தப்பா நினைக்காதீக. அந்த அடைப்புக்குறியை எடுத்துட்டு வாங்க. மறுநாளே மண்டபம் பிடிச்சிருவோம்." எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் மறைக்கவில்லை. திருமங்கலத்தில் ஒரு பேங்க் மாப்பிள்ளை தாமரையைக் கேட்டுக்கொண்டு இருந்தார். மருதுவுக்கோ தாமரையை விட்டால் வேறு நினைப்பே கிடையாது. அவள் போனில் தும்மினால் இவன் ஜலதோஷ மாத்திரை வாங்கிக்கொண்டு பைக்கை எடுக்கிற ஆள்.

முகமையில் நிரந்தரம் என்பது நடக்காத காரியமும் இல்லை. அதற்குச் சாட்சியாக ஜுல்பிகர் உட்கார்ந்திருந்தார். தலைமை அலுவலகத்தில், வாசலுக்கு நேரே, எல்லோர் கண்ணிலும் படுகிற மேசை. தற்காலிகங்கள் அத்தனை பேர் கழுத்திலும் அடையாள அட்டை நீலக் கயிற்றில் தொங்கும். ஜுல்பிகர் கழுத்தில் மட்டும் சிவப்புக் கயிறு. யாராவது நிரந்தரம் என்று வாயெடுத்தால் போதும், துணை இயக்குநர் பீமாராவ் கண்ணாடிக் கதவு வழியாகக் கையை நீட்டுவார்.

"அங்க பாருங்க. ஜுல்பிகரும் உங்கள மாதிரி நீலக் கயிறோட வந்தவர்தான். வாயைத் திறக்காம வேலை பாத்தார். ஆயிருச்சுல்ல?"

ஜுல்பிகர் அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். பார்த்தவன் அன்றைக்கு இரண்டு ஆள் வேலை பார்ப்பான்.

மருதுவுக்கு ஒதுக்கப்பட்டது டி. கல்லுப்பட்டிக்குத் தெற்கே கொக்குடையான்பட்டி. ஊருக்குப் பெட்டிகள் வந்து இறங்கின. பளபளவென்று மஞ்சள் பெயின்ட், நெற்றியில் முகமையின் இலச்சினை. ரோட்டில் காரில் போகிற அதிகாரி இறங்காமலே பார்வையிட வசதியாக, வாய் ரோட்டைப் பார்த்தபடி வரிசையாக வைக்கச் சொல்லி உத்தரவு. மேற்கு வெயில் பெட்டிக்குள் நேரே போய்ப் படுத்துக்கொண்டது.

வரிசை வைக்கப்பட்ட இடம் பாண்டிச்செல்வியின் வாசல். அவளுக்கு முகமை வெடக்கோழிகளைக் கொடுத்திருந்தது. கோழிகள் முறைப்படி இட்டால், பின்னாடியே ஒரு கோழிக்கொட்டகையும் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தது. பாண்டிச்செல்விக்குக் கோழி மேல் ஆசையே கிடையாது. கொட்டகை வந்தால் அதில் மோட்டார் பைக்கை நிறுத்தலாம் என்று ஒரு கணக்கு.

"என்ன தம்பி இது, தபால் பெட்டியா?"

"முட்டைப் பெட்டிக்கா. இனிமே கோழி இதுக்குள்ளதான் முட்டை இடணும்."

"கோழிக்குச் சொல்லியாச்சா?"

"சொல்லத்தான் வந்திருக்கேன்."

பயிற்சி தொடங்கியது. காலையில் ஒவ்வொரு கோழியாகப் பிடித்துப் பெட்டிக்குள் உட்கார வைத்தான். கையை எடுத்ததும் அது வெளியே குதித்து, கொலை விழுந்த மாதிரி ஊரைக் கூட்டியது. பெட்டிக்கு முன்னால் தானே குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, கண்ணைச் சொருகி, "பொக், பொக்" என்று செய்முறை விளக்கம் கொடுத்தான். டீக்கடை பெஞ்சு மொத்தமும் கிளாஸோடு எழுந்து வந்து பார்த்தது. கோழிகளும் பார்த்தன. பார்த்துவிட்டு வேலிக்கு அடியில் போய் நிம்மதியாக முட்டை இட்டன.

ஒரு நாள் பைக் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு ஹெல்மெட்டைக் கவிழ்த்தாற்போல் திண்ணையில் சாய்த்து வைத்திருந்தான். கிளம்பும்போது எடுத்தால் உள்ளே கதகதப்பாக ஒரு முட்டை. மருது முட்டாள் இல்லை. ஹெல்மெட் இருட்டு, பெட்டி வெளிச்சம், இவ்வளவுதானே விஷயம் என்று பிடிபட்டுவிட்டது. மறுநாளே பீமாராவ் முன்னால் போய் நின்றான்.

"சார், பெட்டியைச் சுவத்துப் பக்கமாத் திருப்பி வச்சாப் போதும் சார். கோழிக்கு மறைவு வேணும்."

"திருப்பினா இலச்சினை எந்தப் பக்கம் இருக்கும்?"

"சுவத்துப் பக்கம் சார்."

"சுவத்துக்கா திட்டம் போட்டிருக்கோம்?"

மருது பெட்டியைத் திருப்புவது போலக் காற்றில் கையால் காட்டினான்.

"மருது, கோழிக்குத் தேவை மறைவு இல்ல, முன்மாதிரி." பீமாராவ் மேசைக்குள்ளிருந்து வெள்ளையாக ஒன்றை எடுத்து வைத்தார். பிளாஸ்டரில் செய்த முட்டை. அடியில் முகமையின் முத்திரை. "ஊக்குவிப்பு மாதிரி முட்டை. பெட்டிக்குப் பெட்டி ஒண்ணு வைங்க. கோழி வந்து எட்டிப் பாக்கும். சரி, இங்க ஏற்கெனவே ஒருத்தி இட்டுட்டுப் போயிருக்கா, நம்பி உக்காரலாம்னு அதுக்குத் தோணும்."

"அது பொய்முட்டைன்னு கோழிக்குத் தெரிஞ்சிட்டா சார்?"

"தெரியாது. தெரிஞ்சிக்கிற நிதானத்துல அது இருக்காது. முட்டை இடுற அவசரத்துல இருக்கும்." கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஜுல்பிகர் சிரித்தார். "போங்க, உங்க பேர் என் மனசுல இருக்கு."

பொய்முட்டைகள் வெயிலில் கொதித்தன. தொட்டால் கை பொத்துப் போகிற சூடு. ஒரு சிவப்பு வெடை எட்டிப் பார்த்து, மூக்கால் ஒரு தட்டுத் தட்டி, விருட்டென்று திரும்பிக்கொண்டது. நிலைமையை ஆராய பீமாராவ் தானே நேரில் வந்தார். கூடவே ரோகிணி என்கிற கோழி வாழ்வியல் ஆலோசகரையும் கூட்டிவந்தார். கோழிக்கு வாழ்வியல் என்று ஒன்று இருப்பதே அந்த அம்மா வந்த பிறகுதான் ஊருக்குத் தெரியும். அவர் பெட்டிகளுக்கு முன்னால் பாய் விரித்து, கண்ணை மூடி உட்கார்ந்து, புல்லாங்குழல் இசையை ஒலிக்கவிட்டார்.

"இதுக எல்லாத்துக்கும் உள்ளுக்குள்ள ஒரு காயம் இருக்கு சார். குஞ்சா இருக்கப்போ யாரும் இதுக பேச்சைக் கேட்டதில்ல."

"இப்பவும் நாங்க கேக்கிறதில்லம்மா" என்றாள் பாண்டிச்செல்வி.

கண்ணைத் திறந்தபோது, பக்கத்தில் வைத்திருந்த அவருடைய சணல் பைக்குள் ஒரு முட்டை கிடந்தது. "என்னையத் தேர்ந்தெடுத்திருக்கு" என்று ரோகிணி கண் கலங்கினார். போட்டோ எடுத்தார். அதற்கு வந்த லைக்குகளைப் பார்த்து மறுபடியும் கண் கலங்கினார்.

மதியம் பாண்டிச்செல்வி எல்லோருக்கும் சோற்றோடு ஆம்லெட் போட்டாள். பீமாராவ் வாயில் வைத்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"இது பெட்டியில இட்ட முட்டையா?"

"இல்லங்க. வேலிக்கடியில இட்டது. உங்க கணக்குல அது முட்டை இல்லையே. பயப்படாம சாப்பிடுங்க."

பீமாராவ் யோசித்துப் பார்த்தார். விதிப்படி சரியாகத்தான் இருந்தது. முட்டை இல்லாத ஆம்லெட்டை இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்று அவர் அசைவம் தொடாத சனிக்கிழமை என்பதால் அவருக்கு அந்த விதி ரொம்பவே பிடித்துப் போனது.

இந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து முகமையின் தலைவரே பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. மருது கணக்குப் போட்டுப் பார்த்தான். காலியான பெட்டியைத் தலைவர் பார்த்தால் திட்டம் போச்சு, திட்டம் போனால் வேலை போச்சு, வேலை போனால் தாமரை திருமங்கலத்துக்குப் போச்சு. பீமாராவ் மட்டும் கலங்கவில்லை. மதுரைக்காரருக்கு ஒரு நெருக்கடி வந்தால் முதலில் என்ன செய்வாரோ அதைச் செய்தார். பிளெக்ஸ் அடித்தார்.

சாதாரண பிளெக்ஸா அது. பாண்டிச்செல்வி வீட்டைவிட நீளம். "வருக வருக" என்று ஓரத்தில் தலைவர் படம் ஸ்டாம்பு அளவுக்கு. நடுவில் கைகூப்பிச் சிரித்தபடி பீமாராவ், "வெடக்கோழிகளின் விடிவெள்ளி" என்ற பட்டத்தோடு. கம்பு ஊன்றலாம் என்றால் தரை முழுக்கப் பாறை. அதனால் பெட்டி வரிசையின் தலையிலேயே ஆணி அடித்து முன்பக்கமாகத் தொங்கவிட்டார்கள். கீழே ஒரு கோழி நுழைகிற சந்து மட்டும் மிச்சம். பெட்டியும் தெரியவில்லை, இலச்சினையும் தெரியவில்லை. இந்த முறை பீமாராவ் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தெரிய வேண்டிய முகம்தான் தெரிந்ததே.

தலைவர் வருகை தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. ஒரு வாரத்துக்கும் மேலாக பிளெக்ஸ் அங்கேயே தொங்கியது. பின்னால் பெட்டிகள் இருட்டாக, குளுகுளுவென்று, ஆள் அரவம் இல்லாமல் கிடந்தன.

தலைவர் ஒருவழியாக வந்து இறங்கி, "எங்கய்யா பெட்டி?" என்று கேட்டு, பிளெக்ஸைத் தூக்கினால் உள்ளே ஒவ்வொரு பெட்டியிலும் பொய்முட்டைக்குப் பக்கத்தில் நிஜ முட்டைகள். சிவப்பு வெடை ஒன்று உள்ளே உட்கார்ந்து, கதவைத் தட்டாமல் வந்தவர்களைப் பார்ப்பது போலத் தலைவரை முறைத்தது.

"பிரமாதம். எப்படிச் சாதிச்சீங்க?" என்றார் தலைவர்.

பீமாராவுக்கே தெரியவில்லை. ஒரு கணம் திகைத்தவர், மெல்ல நிமிர்ந்து பிளெக்ஸில் இருந்த தன் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"இருட்டு சார்" என்றான் மருது.

"மருது, தலைவருக்கு இளநீர் வெட்டச் சொல்லுங்க" என்றார் பீமாராவ்.

இளநீரோடு திரும்பி வருவதற்குள் முடிவாகிவிட்டது. தலைமைப் பண்பு நிறைந்த ஒரு முகத்தின் அண்மையில் வெடக்கோழிகளுக்கு நம்பிக்கை பிறக்கிறது. ஆகவே எல்லா ஊரிலும் துணை இயக்குநரின் பிளெக்ஸ் வைக்கப்பட வேண்டும். உத்தரவு பறந்தது. சில ஊர்களுக்குப் பெட்டி வரவில்லை, பிளெக்ஸ் மட்டும் வந்தது. அங்கே கோழிகள் பிளெக்ஸுக்குப் பின்னால் தரையில் இட்டன. பெட்டி இல்லாததால் அவை முட்டையாகக் கருதப்படவில்லை.

நாகமலை புதுக்கோட்டையில் ரோகிணி, பெட்டியில் இட்ட முட்டை மட்டும் விற்கிற ஒரு கடை திறந்தார். பெயர் 'நெறிமுட்டை'. காலையில் பல்கலைக்கழகப் பக்கம் வேகநடை போகிறவர்கள் வேர்க்க விறுவிறுக்க வந்து வாங்கினார்கள். சாதாரண முட்டை கெட்டுப்போய்விட்டதாம், அதை வீட்டில் சேர்ப்பதில்லையாம். "கடிச்ச உடனே ஒழுக்கம் நாக்குல தெரியுது சார்" என்று ஒரு ஓய்வுபெற்ற பெரிய மனிதர் சொன்னார். பக்கத்தில் நின்றவர்களும் ஆமாம் என்றார்கள்.

ஆக எல்லோருக்கும் நல்லது நடந்தது. மருதுவின் கழுத்தில் மட்டும் நீலக் கயிறு அப்படியே இருந்தது. கேட்டால், "உங்க பேர் மேல போயிருக்கு மருது" என்பார் பீமாராவ். மேலே என்றால் எங்கே என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் தாமரையிடமிருந்து போன் வந்தது.

"வெள்ளிக்கிழமை பேங்க்காரவுக பொண்ணு பாக்க வாராகளாம். அப்பா பஜ்ஜிக்கு வாழைக்காய் வாங்கியாச்சு."

"நீ என்ன சொன்ன?"

"பஜ்ஜி சுட மாட்டேன்னு சொன்னேன். அதுக்கு மேல நான் என்ன சொல்ல? நீங்கதான் ஏதாவது செய்யணும்."

மருது போனை வைத்தான். நிரந்தரம் ஆனவரிடமே வழி கேட்டுவிடலாம் என்று ஜுல்பிகரைத் தேடி ஓடினான். அவர் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். டிபன் பாக்ஸ், தண்ணீர்ப் பாட்டில், ஒரு குடை. கழுத்து வெறுமையாக இருந்தது, கயிற்றை முந்தின நாளே ஒப்படைத்திருந்தார்.

"எங்க பாய் கிளம்பிட்டீங்க?"

"கீழவாசல்ல மச்சானோட செருப்புக்கடைக்குப் போறேன் மாப்ள. இங்க குடுக்கிறதுல குடும்பம் ஓடல."

"நிரந்தர வேலையை விட்டுட்டா?"

ஜுல்பிகர் சுற்றுமுற்றும் பார்த்தார். அவனைக் கையைப் பிடித்து மாடிப்படிக்குக் கீழே இழுத்துப் போனார். "எனக்கெங்க மாப்ள ஆச்சு? நானும் உன்னைய மாதிரிதான். ஒரு நாள் நீலக் கயிறு தீந்துபோச்சுன்னு சிவப்புல குடுத்தாங்க. மறுநாள் வந்தா ஆபீஸே கை குடுத்து முபாரக் சொல்லுது. ஐயோ அப்படி இல்லைன்னு சொல்லப் போனேன். சார் கூப்பிட்டு, அப்படியே இருக்கட்டும் ஜுல்பிகர், எல்லாரும் நல்லா வேலை பாக்கிறாங்க, நீங்க வாசலுக்கு நேரா உக்காந்து சும்மா சிரிங்கன்னுட்டார்."

மருது படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். "இம்புட்டு நாளா ஏன் பாய் எங்ககிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்ல? எனக்கே அந்தக் கயிறைப் பாத்துத்தான் பொண்ணு குடுத்தாக."

மருதுவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று பீமாராவ் அறைக்கதவைத் தட்டாமல் தள்ளிக்கொண்டு போனான். திட்ட வேண்டிய வார்த்தைகளை மாடிப்படியிலேயே வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். பீமாராவ் நிமிர்ந்து பார்த்தார். இழுப்பறையைத் திறந்தார். சிவப்புக் கயிறு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஜுல்பிகர் கழற்றிக் கொடுத்த அதே கயிறு. துவைத்திருந்தார்கள்.

"ஜுல்பிகர் இடம் காலியாயிருக்கு. நாளையிலேருந்து நீங்க இதைப் போட்டுக்கங்க. களத்துக்குப் போங்க, புதுசா வர்றவங்களோட பழகுங்க. மத்தபடி எல்லாம் அப்படியேதான்."

"அடைப்புக்குறி சார்?"

"அது உள்ளுக்குள்ள இருக்கட்டும். யார் அட்டையைக் கிட்டத்துல வச்சுப் படிக்கப் போறாங்க?"

அடுக்கி வைத்த வார்த்தைகளை எல்லாம் அங்கேயே போட்டுவிட்டு, மருது கயிற்றை எடுத்துக்கொண்டான். வெளியே வந்து தாமரைக்குப் போன் போட்டு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். தாமரை அதை ஒரே வரியில் சுருக்கினாள்.

"ஆக, நிரந்தரம் இல்ல. கயிறு மட்டும்தான்."

"ஆமா."

"எங்கப்பாவுக்குக் கயிறு போதும். வெள்ளிக்கிழமை காலையில அதைப் போட்டுக்கிட்டுக் கடைப் பக்கமா வாங்க. வாழைக்காயை வீணாக்க வேணாம்."

சோலை கடை வாசலில் சிவப்புக் கயிற்றைப் பார்த்தார். அட்டையைப் படிக்கவில்லை. ஆணி நிறுத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு இறங்கி வந்து கட்டிப்பிடித்தார். "எனக்குத் தெரியும் மாப்ள, உங்க உழைப்பு வீண் போகாதுன்னு." மருதுவுக்குக் கூச்சமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் முடிந்தது. ஜுல்பிகர் மணமக்களுக்கு ஆளுக்கொரு ஜோடி செருப்பு கொண்டுவந்தார். பீமாராவ் தாமே வர முடியாமல் பிளெக்ஸ் அனுப்பினார்.

கல்யாணம் முடிந்து மருது கொக்குடையான்பட்டிக்குப் போனபோது, பாண்டிச்செல்வி தெருமுனையிலேயே பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, எங்கொட்டகை என்னாச்சு?"

"மேல போயிருக்குக்கா."

"அப்ப வந்துரும்?"

"வந்துரும்."

அவள் சந்தோஷமாகப் போய்க் கோழிகளுக்குக் குருணை போட்டாள். மருதுவுக்குச் சுருக்கென்றது. அவன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போதே, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த சபிஹா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்தாள். புத்தம் புது நீலக் கயிறு. வெயிலில் முகம் சிவந்துபோய், முந்தானையெல்லாம் கோழி இறகு. அவள் பார்வை நேரே அவன் கழுத்துக்குப் போனது.

"அண்ணே, நீங்களும் எங்கள மாதிரி வந்தவுகதானாமே. உங்களுக்கு மட்டும் எப்படிண்ணே ஆச்சு? எங்க வீட்ல, ஆகாத வேலைக்கு ஏன் அலையிறேன்னு கேக்கிறாக. நான் என்ன சொல்லட்டும்?"

மருதுவுக்கு மாடிப்படிக்குக் கீழே ஜுல்பிகர் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான். சட்டைப்பையில் போன் அடித்தது. மாமனார். சாயங்காலம் சொந்தக்காரர்கள் வருகிறார்கள், மறக்காமல் கயிற்றோடு வரவும் என்றார்.

போனை வைத்துவிட்டு மருது சபிஹாவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். எப்படி வந்ததோ தெரியாது, அப்படியே ஜுல்பிகர் சிரிப்பு.

சபிஹாவுக்குக் களைப்பெல்லாம் போய்விட்டது. இருக்கிற ஊர் போதாதென்று பக்கத்து ஊர்ப் பெட்டிகளையும் பார்த்துவிட்டு வாரேன் என்று வண்டியைக் கிளப்பினாள். பிளெக்ஸுக்குப் பின்னால் சிவப்பு வெடை ஒன்று அப்போதுதான் இட்டு முடித்துக் கொக்கரித்தது.

உங்கள் ஆபீஸிலும் ஒருவர் இருப்பார். அவருக்கு மட்டும் ஆகியிருக்கும். வாசலுக்கு நேரே உட்கார்ந்து உங்களைப் பார்த்துச் சிரிப்பார். எப்படி ஆச்சு என்று தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டுவிடாதீர்கள். அப்புறம் நாளைக்கு யார் முட்டை இடுவது?